அருளானந்தரைக் கொன்றது பக்தியா, அரசியலா?

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தரைத் திருச்சபை வேதசாட்சி என்கிறது. மறவர் சீமையின் அரண்மனைப் பூசலில் சிக்கி மாண்டவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் உண்மை என்று இரு தரப்பும் நினைப்பதுதான் கோளாறு. அன்றைய தமிழ்நாட்டில் அரசியல் கலக்காத சமயச் சண்டையே கிடையாது. இதற்கு ஒரு சான்று உண்டு. 1590களின் கடைசியில் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரம் சிவன் கோயிலுக்குள் திருமாலின் கோவிந்தராசர் சன்னிதித் திருப்பணியைத் தொடங்கினார். அதை எதிர்த்துக் கோயில் அர்ச்சகர்களான தீட்சிதர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதை, அப்போது அங்கு வந்திருந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். நாயக்கரின் அதிகாரத்தோடு நடந்த மோதல்தான் அது. அதற்காக அவர்களுடைய பக்தியைப் பொய் என்று யாராவது சொல்வோமா?

லிஸ்பனில் 1647இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, இளவரசர் பெத்ருவின் பணியாளாக அரண்மனையில் வளர்ந்தவர் ஜான் டி பிரிட்டோ; அவர்தான் தமிழில் அருளானந்தர். 1674இல் இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்து, செஞ்சி நாட்டில் ஊழியத்தைத் தொடங்கினார். காவி கட்டி, புலால் விட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். அந்தச் சீமையின் அரசர் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று எச்சரித்தே அனுப்பினார். அதன்பின் சபை வேலையாக அவர் லிஸ்பன் போனபோது பழைய இளவரசரே அரசராக இருந்தார். இங்கேயே இருந்துவிடு என்று அவர் கேட்டும் பிரிட்டோ நிற்கவில்லை. 1690இல் இந்தியா திரும்பி, மறுபடியும் அதே மறவர் சீமைக்குள் நுழைந்தார். அகப்பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பக்தி மெய்யானது என்ற என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

மரணத்துக்குக் காரணமானது தடியத்தேவரின் மனமாற்றம். சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய குடும்பத்தவர் அவர். நோய் நீங்கியதும் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் தருவேன் என்றார் அருளானந்தர். தேவர் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட்டதும் வீட்டு விவகாரம் ராஜ்ய விவகாரமாயிற்று. 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு, சேதுபதியின் தம்பி உடையத்தேவரிடம், அனுப்பப்பட்டார். சாவதற்கு முந்தின நாள், கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, அதை மையாகக் கொண்டு, தம் சபையினருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார்.

அந்தப் பெண்ணின் மேல் என்ன குற்றம் என்று கேட்கலாம். ஒரு குற்றமும் இல்லை. முறைப்படி மணந்தவர், தம்மைக் கேளாமல் விலக்கப்பட்டார்; அவர் கோபம் நியாயமானது. புனிதர் வரலாறுகள் அவரை வஞ்சகியாக வரைவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும், பட்டத்துக்கு உரிமையுள்ள ஒருவரைச் சீடராகப் பெறும் வாய்ப்பு வந்தபோது, அரசியல் ஆதாயம் தேடுபவர் நிபந்தனையைத் தளர்த்தியிருப்பார். சேதுபதி வீட்டைப் பகைத்துக்கொள்ள நேரும் என்று தெரிந்தும் அருளானந்தர் தளர்த்தவில்லை. அரசருக்கு அது அரசியலாகத் தெரிந்தது. அருளானந்தருக்கோ அது ஞானஸ்நானத்தின் நிபந்தனை.

காவி வேடம் ஊரை ஏமாற்றத்தான் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சில நாள் போட்டுக் கழற்றுவதுதான் வேடம். அவர் அந்த உணவையும் உடையையும் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடித்தார். ரோமாபுரியில் எழுந்த சந்தேகமோ இதற்கு நேர் எதிரானது: உள்ளூர் வழக்கங்களை அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்டாரோ என்று அங்கே கேட்டார்கள். மலபார் சடங்குகள் பற்றிய அந்தச் சர்ச்சை அவருடைய புனிதர் பட்ட விசாரணையைத் தாமதப்படுத்தியது. 1853இல்தான் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. புனிதர் பட்டம் 1947 ஜூன் 22 அன்று வந்தது.