நாவில் மறையும் இனிப்பு, குருதியில் மறையாத சர்க்கரை

சர்க்கரைக்கொல்லி என்றும் வழங்கப்படும் சிறுகுறிஞ்சான் கொடியின் இலையை மென்றபின் நாவிலிடப்படும் சர்க்கரை, மணலைப் போன்று சுவையற்றதாகி, அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை அவ்வாறே இருக்கிறது. உப்பும் புளிப்பும் பெரிதும் மாறாமல் உணரப்படுகின்றன. இவ்விலையின் சாரத்தை உதகமண்டலத்தில் பகுத்தாய்ந்த வேதியியலாளர் ஒருவர் ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிட்டு 1887இல் வெளியிட்டார். அது ஒரே பொருளன்று, சபோனின் எனப்படும் நுரைக்கும் தன்மையுடைய தாவரச் சேர்மங்கள் பலவற்றின் தொகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சுவைமொட்டுகளின் செல்களில் இனிப்புப் பொருள்கள் வந்து பொருந்தும் புரதமாகிய இனிப்பு ஏற்பி, இரண்டு அலகுகள் இணைந்து உருவானது. அவற்றுள் ஒன்றின், செல்சவ்வுக்குள் பதிந்திருக்கும் பகுதியை ஜிம்னிமிக் அமிலங்கள் பற்றிக்கொள்வதால், கரும்புச் சர்க்கரையோடு சாக்கரின் போன்ற செயற்கை இனிப்பூட்டிகளின் சுவையும் மறைகிறது. காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய வடிவச் சேர்மத்தின் கரைசலால் வாயைக் கொப்பளித்தால், அது அமிலங்களைத் தன்னுள் ஈர்த்துக்கொள்வதால், இனிப்புணர்வு விரைவில் மீள்கிறது. சீன இலந்தை இலையின் ஜிஜிஃபின் இதே வேலையைச் சற்று வலுக்குறைவாகச் செய்கிறது. சிறுகுறிஞ்சானிலேயே உள்ள குர்மாரின் என்னும் சிறு புரதமோ எலிகளின் இனிப்புணர்வைத் தடுத்தாலும் மனித நாவில் ஏறத்தாழச் செயலற்றே நிற்கிறது. எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நாவில் இனிப்பு மறைவதைக் கண்டவர்கள் குருதியிலும் சர்க்கரை மறையும் என்று நம்பி, மருத்துவர் அளித்த மருந்தைக் கைவிட்டு இலைப்பொடியை மட்டும் உண்பதே இன்று பெருங்கவலைக்குரியது. சாரம் இன்சுலின் சுரப்பைத் தூண்டக்கூடும் என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. ஆயினும், 1990இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டதும் விற்பனையாளர்கள் விரும்பிச் சுட்டுவதுமான ஆய்வில், இன்சுலினைச் சார்ந்த 27 நோயாளிகளுக்குச் சாரம் இன்சுலினுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. தேவைப்படும் அளவு குறைந்ததேயன்றி, இன்சுலினுக்கு மாற்றாக அது அளிக்கப்படவில்லை. முதல்வகை நீரிழிவுடையோர் இன்சுலினை நிறுத்தினால், கொழுப்பு சிதைந்து உருவாகும் அமிலங்கள் குருதியில் பெருகி, சில நாள்களுக்குள் உயிருக்கே ஊறு நேரலாம். மருந்தோடு பொடியையும் மருத்துவருக்குத் தெரியாமல் உண்போருக்கோ சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மாத்திரை உறையில் அடைத்து விழுங்கப்படும் பொடி நாவைத் தொடுவதேயில்லை என்பதால், இவ்விலையின் ஐயமற நிறுவப்பட்ட ஒரே ஆற்றலும் அங்கே பயன்படாமற் போகிறது.