பண்ணையிலிருந்து நேராக வீட்டுக்கு: அமெரிக்காவில் மாட்டிறைச்சி வாங்கும் முறை

அமெரிக்காவில் சிறு பண்ணைக் குடும்பங்கள் தாங்கள் வளர்க்கும் மாட்டை முழுதாகவோ பாதியாகவோ கால் பங்காகவோ வீடுகளுக்கு நேரடியாக விற்பது பழைய வழக்கம். வாங்கும் குடும்பம் பல மாதங்களுக்கான இறைச்சியை ஒரே தடவையில் பெற்று உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறது.

அந்நாட்டில் கொழுக்க வைத்த மாடுகளில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு நிறுவனங்களே அறுக்கின்றன. சிறு விவசாயிகள் பலர் கன்றுகளை ஏலச் சந்தையில் விற்று, அங்கே கிடைத்த விலையோடு திரும்புகிறார்கள். 2020இல் கொரோனாவால் பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, கடைகளில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தது. பண்ணைகளிலோ அறுக்க வழியின்றி மாடுகள் தேங்கின. அப்போது பல குடும்பங்கள் அருகிலுள்ள பண்ணைகளைத் தேடிச் சென்றன. நேரடி விற்பனையில் இடைத்தரகர் பங்கு விவசாயிக்கே சேர்கிறது. மாடு எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்பதை வாங்குபவர் கேட்டறிய முடிகிறது.

ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு ஆகியவை பரவலாக வளர்க்கப்படும் இனங்கள். புல் மட்டுமே மேய்ந்த மாட்டின் இறைச்சியில் கொழுப்பு குறைவு. அந்த மாடு வளரவும் கூடுதல் காலம் பிடிக்கும். கடைசி மாதங்களில் மக்காச்சோளம் போன்ற தானியம் தின்ற மாட்டின் தசைக்குள் கொழுப்பு இழையோடி, இறைச்சி மென்மையாக இருக்கும்.

1906ஆம் ஆண்டின் கூட்டரசு இறைச்சிச் சோதனைச் சட்டத்தின்படி, விற்பனைக்கு வரும் இறைச்சி சோதனையாளர் மேற்பார்வையில் அறுக்கப்பட வேண்டும். மாட்டின் உரிமையாளர் தம் வீட்டுத் தேவைக்கு அறுப்பதற்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இதனால் பல பண்ணைகள் மாடு உயிரோடு இருக்கும்போதே பங்குகளாக விற்றுவிடுகின்றன. பங்கு வாங்கியவர்களே உரிமையாளர்கள் ஆகிறார்கள். அவ்விறைச்சிப் பொட்டலங்களில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரை இருக்கும். அதை உரிமையாளர் வீட்டாரும் விருந்தினரும் உண்ணலாம். மறுபடி விற்கக் கூடாது.

புதிதாக வாங்குபவர் தடுமாறுவது எடைக் கணக்கில்தான். 550 கிலோ மாட்டை அறுத்துத் தோல், தலை, குடல் நீக்கித் தொங்கவிட்டால் சுமார் 340 கிலோ நிற்கும். பண்ணையார் பெரும்பாலும் இந்த எடைக்கே விலை சொல்கிறார். எலும்பும் மிகைக் கொழுப்பும் கழித்து, ஈரம் வற்றியபின் வீட்டுக்கு வருவது சுமார் 220 கிலோ. ஆகவே வீட்டுக்கு வரும் இறைச்சியின் உண்மையான கிலோ விலை, சொன்ன கிலோ விலையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அறுப்புக் கூலியும் வெட்டிப் பொதியும் கூலியும் பெரும்பாலும் தனி. கால் பங்கு என்றால் 55 கிலோ அளவில் கிடைக்கும். அதில் பாதி வரை கொத்துக்கறியாக இருக்கலாம். விலையுயர்ந்த ஸ்டேக் துண்டுகள் ஒரு மாட்டில் கொஞ்சமே.

அறுத்த உடலைக் குளிர் அறையில் இரண்டு வாரம் வரை தொங்கவிட்டால் இறைச்சி மென்மையாகும். பிறகு, துண்டின் கனம், பொட்டலத்தின் எடை, எலும்பு, ஈரல், நாக்கு, வால் வேண்டுமா என்பதை வாங்குபவர் எழுதிக் கொடுக்க, கசாப்புக்காரர் அதன்படி வெட்டி உறையவைத்துத் தருகிறார். அறுப்புக்கூடங்களில் முறை கிடைக்கப் பல மாதம் ஆகலாம் என்பதால், முன்பணம் கட்டிப் பதிவு செய்வது வழக்கம்.

உறைபெட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கொத்துக்கறியை நான்கு மாதத்துக்குள்ளும் பெரிய துண்டுகளை ஓராண்டுக்குள்ளும் சமைத்தால் சுவை கெடாது.

விலை எந்த எடைக்கு, கூலி எவ்வளவு, தீவனம் என்ன, அறுப்பது எங்கே ஆகிய நான்கையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நேர்மையான பண்ணையார் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.