கார்னர் வீரர் காயமடைந்தால் கபடி அணி என்ன செய்கிறது?

எதிரணி ரெய்டர் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது அவருக்காகக் காத்திருக்கும் ஏழு பேருக்கும் ஒரே வேலை இல்லை. இரண்டு ஓரங்களிலும் கடைக்கோட்டை ஒட்டி நிற்பவர்கள் லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர். அவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் ‘இன்’, அதற்கும் உள்ளே இரண்டு கவர், நடுவில் சென்டர். புரோ கபடி லீக்கில் பெரும்பாலும் நான்கு பிடி வீரர்களும் மூன்று ரெய்டர்களும் இறங்குவார்கள். அந்த நான்கு பேர்தான் இரண்டு கார்னர்களும் இரண்டு கவர்களும். இன், சென்டர் இடங்களில் ரெய்டர்கள் நின்று பிடிக்கு உதவுவார்கள்.

ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கிக் கால் நீட்டும் நொடியில் கணுக்காலைப் பிடிப்பது கார்னரின் வேலை. தொடையைச் சேர்த்துப் பிடிப்பதும், ஆழத்தில் சிக்கிய ரெய்டரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டுவதும் அவருடையவைதான். ரெய்டர் திரும்பி ஓடும் வழியை அடைப்பதும், தோளால் இடித்து வெளிக்கோட்டுக்கு அப்பால் தள்ளுவதும் கவரின் வேலை. முதலில் கை வைப்பவர் பெரும்பாலும் கார்னர். அவர் பிடித்த பிடியை முடித்து வைப்பவர்கள் மற்றவர்கள். ஒரு நொடி தாமதித்தாலும் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். அப்போது அவர் மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். ஒரு தப்பான பிடியில் மூன்று, நான்கு பேர் வெளியேறுவதைப் பார்வையாளர்கள் அடிக்கடி கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பிடி என்பது தனி ஆளின் திறமை மட்டும் இல்லை. கார்னரும் பக்கத்தில் நிற்பவரும் கைகோத்து நிற்பதைச் ‘செயின்’ என்கிறார்கள். ரெய்டர் எந்தப் பக்கம் சாய்கிறார், இப்போது பாயலாமா, இன்னும் ஒரு எட்டு உள்ளே விடலாமா என்பதையெல்லாம் பேச நேரம் இருக்காது. ஒரு ரெய்டுக்கு மொத்தமே 30 விநாடிதான். கோத்த கையின் இறுக்கத்திலும் பக்கத்து ஆளின் கால் நகரும் விதத்திலும்தான் செய்தி போய்ச் சேர்கிறது. காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைப் புடவை நெய்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உடல் பகுதிக்கு நாடா வீசும் நெசவாளருக்கு இணையாகக் கரைக்கு நாடா வீசும் துணை ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அவர் வராவிட்டால், நெசவாளர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கோர்வை நடக்காது. வேறொருவரை உட்கார வைத்தால் இருவர் கையும் ஒத்துவரும்வரை வேலை மெதுவாகத்தான் நகரும்.

காயம் அதிகம் ஏற்படுவதும் இந்தப் பிடியில்தான். கணுக்காலுக்குப் பாயும் கார்னரின் முகமும் விரல்களும் ரெய்டரின் உதறலுக்கு நேராக இருக்கின்றன. கோத்த கை ஒரு பக்கமும் ஓடும் ரெய்டர் மறுபக்கமும் இழுத்தால் தோள்மூட்டு தாங்க வேண்டியிருக்கிறது. மெத்தையில் கால் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் தசைநார் கிழியும். பாடிப் போகிறவருக்கு அடிபடாது என்று பொருள் இல்லை. ஆனால் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் வரும் உடலின் மேல் தானாகப் போய் விழுகிறார்.

அடிபட்டதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். அணியின் பிசியோ உள்ளே வந்து பார்ப்பார். தொடர முடியாது என்றால் மாற்று ஆள் இறங்கலாம். களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்பது கபடியில் நெடுநாளைய வழக்கம். மாற்றப்பட்டவர் பிறகு மீண்டும் இறங்கவும் விதி இடம் தருகிறது. கால்பந்தில் ஒருமுறை வெளியே வந்தவர் அதே ஆட்டத்தில் திரும்ப முடியாது. கபடிப் பயிற்சியாளருக்கு மீண்டும் இறக்கும் இந்த அனுமதி பெரிய வசதி. வலி தணியும்வரை கார்னரை உட்கார வைத்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் திரும்ப அழைக்கலாம். ஆனால் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் பதிலாக ஆள் இறக்க முடியாது. பிடி தவறி அடிபட்ட கார்னர் அவுட்டும் ஆகியிருந்தால் அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். தன் அணி புள்ளி எடுத்து அவர் முறை வரும்போதுதான் அந்த இடத்துக்கு உயிர் வரும். அதற்குள் ஆல் அவுட் ஆகிவிட்டால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளிகள்.

யாரை இறக்குவது என்பதில்தான் பயிற்சியாளரின் கணக்கு இருக்கிறது. நேரான வழி, அதே இடத்தில் ஆடிப் பழகிய இளையவரை இறக்குவது. அனுபவம் குறைவு என்றாலும் மற்ற ஆறு பேரும் தங்கள் இடத்திலேயே இருப்பார்கள். இன்னொரு வழி, நன்றாக ஆடும் கவரைக் கார்னருக்கு நகர்த்திவிட்டுக் கவருக்குப் புதியவரை இறக்குவது. தாளில் எழுதிப் பார்த்தால் இது வலுவான அணியாகத் தெரியும். களத்தில் ஓர் ஓட்டை இரண்டாகிவிடும். தோளால் இடித்துப் பழகியவர் இப்போது கணுக்காலுக்குக் குனிய வேண்டும். அவர் விட்டுவந்த இடத்திலோ புதியவர் நிற்கிறார். ரைட் கார்னர் விழுந்தால் மாற்று லெஃப்ட் கார்னரை அங்கே நிறுத்தலாமே என்றும் தோன்றும். இடது ஓரத்தில் நிற்பவருக்குக் கோடு இடப்பக்கம், துணை வலப்பக்கம். அவர் எந்தக் காலை முன்வைப்பது, எந்தக் கையை முதலில் நீட்டுவது, எந்தத் தோளைத் தரையில் ஊன்றுவது எல்லாம் அந்த அமைப்பில் ஊறியவை. பக்கம் மாறினால் அத்தனையும் தலைகீழாகும். இரு பக்கமும் சமமாக ஆடும் கார்னர்கள் உண்டு, ஆனால் அரிது. மூன்றாவது வழி ஆல்ரவுண்டர். பாடவும் பிடிக்கவும் தெரிந்தவர் ஓர் ஆட்டத்தைச் சமாளிப்பார். ஆனால் சீசன் முழுக்க அவரை ஓரத்தில் நிறுத்தினால் அணி ரெய்டு புள்ளிகளை இழக்கும்.

மாற்று ஆள் இறங்கியதும் எதிரணி சும்மா இருக்காது. அடுத்த ரெய்டே அவர் பக்கம்தான் வரும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை அவசரப்பட்டுப் பாய்வது. ரெய்டர் முழுதாக உள்ளே வருவதற்குள் தனியாகக் கை வைப்பதை ‘அட்வான்ஸ் டேக்கிள்’ என்று வர்ணனையாளர்கள் கடிந்துகொள்வார்கள். அதனால் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் புதிய கார்னருக்கு முதல் சில ரெய்டுகளில் பிடிக்கும் வேலையே தருவதில்லை. கோட்டோடு ஒதுங்கி நின்று போனஸை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். போனஸ் புள்ளி போனால் ஆள் போகாது. இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ ரெய்டு. அதில் ரெய்டர் புள்ளி எடுத்தே தீர வேண்டும், எடுக்காவிட்டால் அவரே அவுட். அவர் துணிந்து உள்ளே வரும் அந்த ரெய்டில்தான் புதியவருக்குப் பாய அனுமதி கிடைக்கும்.

தமிழ் தலைவாஸ் அணியின் 2022 சீசன் இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டியது. 2017-ல் லீக்கில் நுழைந்த அந்த அணி அதுவரை ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்த்ததில்லை. லீக்கின் ஒன்பதாவது சீசனான அந்த ஆண்டின் ஏலத்தில் ரெய்டர் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. லீக்கில் அதுவரை யாருக்கும் தரப்படாத விலை அது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட 4.4 கோடியில் பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போனது. அக்டோபர் 8-ம் தேதி குஜராத் ஜயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே அவர் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். ரெய்டு போகும்போது அடிபடவில்லை. எதிரணிக்காகப் பாடி வந்த தமிழ்நாட்டு ரெய்டர் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோதுதான் அது நேர்ந்தது. ஆட்டம் 31-31 என்று முடிந்தது. பவனுக்கு அந்த சீசனே முடிந்துபோனது.

ரெய்டர் போனால் இழப்பை எண்ணிச் சொல்லலாம். இத்தனை புள்ளி எடுப்பவர் இல்லை, அதை வேறு யார் எடுப்பார் என்பதே கேள்வி. தலைவாஸுக்கு அந்த விடை நரேந்தர் என்ற புதுமுகத்திடம் கிடைத்தது. முதல் சீசனிலேயே அவர் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். தொடக்கத்தில் தடுமாறிய அணியின் பயிற்சிப் பொறுப்பு சீசன் நடுவில் அஷன் குமாரிடம் வந்தது. கேப்டன் பொறுப்பு ரைட் கார்னர் சாகர் ரத்தியிடம் போனது. முந்தைய சீசனில் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தவர் அவர்.

பிறகு சாகரும் காயமடைந்தார். பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் இல்லை, அஜிங்க்ய பவார் அணியை நடத்தினார். கேப்டன், முதன்மைக் கார்னர் இரண்டும் ஒரே ஆளோடு போன நிலை அது. அப்படியும் அணி கலையாததற்குக் காரணம் சாகரைச் சுற்றி நின்றவர்கள். லெஃப்ட் கார்னரில் சாகில் குலியா, கவரில் மோகித்தும் தமிழ்நாட்டின் எம். அபிஷேக்கும் அந்த சீசனில் சேர்ந்து ஆடிப் பழகியிருந்தார்கள். டிசம்பர் 13-ம் தேதி மும்பையில் யு.பி. யோத்தாஸ் அணியுடன் எலிமினேட்டர் 36-36 என்று சமனில் நின்று டை-பிரேக்கருக்குப் போனது. டை-பிரேக்கரில் ஒவ்வோர் அணியும் ஐந்து ரெய்டு போகும். யாரும் அவுட் ஆகி வெளியேறுவதில்லை, ஏழு பேரும் நின்று பிடிக்கலாம். தலைவாஸ் 6-4 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. லீக்கின் மிக விலையுயர்ந்த ரெய்டரும் கேப்டனான கார்னரும் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்ததைத் தமிழ்நாட்டுக் கபடி ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். மறக்கவும் கூடாது.

எதிர்மாறாக நடந்த கதை அமெரிக்கக் கால்பந்தில் உண்டு. அங்கே பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். கபடியில் டேக்கிள் என்றால் பிடி. அங்கே அது ஓர் ஆட்டக்காரரின் இடத்தைக் குறிக்கும் பெயரும்கூட. குவார்ட்டர்பேக் வலக்கைக்காரர் என்றால் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் அணியின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்களில் ஒருவர். 2020 சீசனில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் அக்டோபரிலேயே ஒதுங்கினார். சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு கார்டு அதற்கு முன்பே அணியில் இல்லை. லோரான் டுவெர்னே-டார்டிஃப் என்ற அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், கொரோனா காலத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கனடாவில் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் பணிசெய்யப் போயிருந்தார்.

ஃபிஷரின் இடத்துக்கு மட்டும் புதிய ஆளை இறக்காமல் அணி எல்லாரையும் நகர்த்தியது. வலப்பக்கம் ஆடிய மைக் ரெம்மர்ஸ் இடப்பக்கம் போனார். கார்டாக ஆடிய ஆண்ட்ரூ வைலி ரைட் டேக்கிள் ஆனார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். 2021 பிப்ரவரி 7-ம் தேதி டாம்பா பே பக்கனியர்ஸ் அணி அந்த அரணைத் திரும்பத் திரும்ப உடைத்தது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்கு ஆளானார், அதுவரை சூப்பர் பவுல் வரலாற்றில் யாருக்கும் அவ்வளவு நேர்ந்ததில்லை. முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி ஒரு டச் டவுன்கூட எடுக்காமல் 9-31 என்று தோற்றது. குவார்ட்டர்பேக் அதே ஆள்தான். அவருக்கு முன்னால் நின்ற ஐவரில் பெரும்பாலானோர் சீசன் தொடக்கத்தில் அங்கே நின்றவர்கள் இல்லை.

இதனால்தான் மாற்று ஆளைத் தேடும் வேலை காயத்துக்குப் பிறகு அல்ல, ஏலத்திலேயே தொடங்குகிறது. நல்ல நிர்வாகம் ஒவ்வொரு கார்னருக்கும் அதே பக்கத்தில் ஆடும் இன்னொருவரை எடுத்து வைத்திருக்கும். ஏலத்துக்கு வெளியே ஒப்பந்தம் செய்ய அனுமதிக்கப்பட்ட புதிய இளம் ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்து பெரும்பாலும் அவர்கள் வருகிறார்கள். பயிற்சியில் அவர்களை மாற்று அணியோடு மட்டும் ஆடவிட்டால் பயனில்லை. முதன்மைக் கவரோடு கைகோத்து ஆட வாரத்தில் சில நேரமாவது ஒதுக்க வேண்டும். வயதான கார்னர் ஒருவர் அணியில் இருப்பதும் உதவும். தஞ்சை மண்ணிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்து 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வென்றார், 2019-லும் களத்தில் கார்னராக நின்றார். ஓடும் வேகம் குறைந்த பிறகும் ரெய்டரின் காலைப் படிக்கும் கண் அந்த இடத்தில் சோறு போடும்.

கடைசியாக மிஞ்சுவது காயம்பட்டவர் திரும்பி வருவது. தோளோ முழங்காலோ ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் அவரை நேராக முதல் ஏழில் இறக்குவது பழைய வழக்கம். முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மோதல் ஆட்டங்களுக்குத் திரும்ப ஒன்பது மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் அணியின் செயின் வேறு ஆளோடு பழகியிருக்கும். அதனால் திரும்பி வருபவரைச் சில ஆட்டங்கள் இரண்டாம் பாதியில் மட்டும், தன் பழைய கவரின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அவர் பயப்படாமல் கணுக்காலுக்குக் குனிகிறாரா, காயம்பட்ட தோளைத் தானறியாமல் பின்னுக்கு இழுக்கிறாரா என்று பயிற்சியாளர் பார்க்கிறார். இழுத்தால் எதிரணி ரெய்டர் அதை ஒரே ரெய்டில் கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தயக்கம் போகும்வரை மாற்று ஆளே ஆட்டத்தைத் தொடங்குவார்.