அச்சின் பிழையும் அடியின் பிழையும்

பிழை மலிந்த பாடநூலை நாம் விலை குறைத்துக் கேட்போம். காசு சேர்ப்போர் உலகில் முறை வேறு. அங்கே பிழைபட்ட காசுக்கு ஆயிரக்கணக்கில் டொலர் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் எல்லாப் பிழைக்கும் அந்த மதிப்பு இல்லை. பிழை எங்கே பிறந்தது என்று குலம் விசாரித்த பின்னரே பணப்பையின் வாயை அவிழ்க்கிறார்கள். அந்த விசாரணையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட சில லிங்கன் சதங்களே இவ்வினத்துக்குத் தலைமைச் சான்று. அவற்றின் முகப்பில் ஆண்டெண்ணும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேல்விளிம்பை ஒட்டிய வாசகமும் வெறுங் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தோன்றும். பிழை தெரியவந்தபோது இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. அவற்றை அழிக்க நல்லவற்றையும் சேர்த்து உருக்கவேண்டும். அதிகாரிகள் அதை விரும்பாது அனைத்தையும் வெளியே விட்டார்கள். அக்காலத்தில் சிகரெட் இயந்திரங்களில் 25 சதம் இட்டால் 23 சதப் பெட்டி வரும். மிச்சம் இரண்டு சதம் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே இருக்கும். இக்காசுகளிற் பல அவ்வாறே மக்கள் கைக்கு வந்தன. புகைப்பவர்களுக்குப் புகையிலையால் விளைந்த ஒரே இலாபம் இதுவாகத்தான் இருக்கும்!

இவை இரட்டையானது எவ்வாறு? காசை அடிக்கும் அச்சு உருக்கினால் ஆனது. அதில் உருவம் குழிவாக இருக்கும். அக்குழிவை உண்டாக்குவது, உருவம் புடைத்து நிற்கும் வேறொரு தாயச்சு. அந்நாளில் தாயச்சை ஒருமுறை அழுத்தினால் உருவம் முழுமையாகப் பதியாது. ஆகவே அச்சைக் காய்ச்சி மென்மையாக்கி மீண்டும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை தாயச்சு சற்றே திரும்பி அமர்ந்தால், அச்சிலேயே இரண்டு உருவங்கள் நிலைத்துவிடும். 1955இல் நிகழ்ந்தது இதுவே. சுழற்சியால் விளைந்த விலகலாதலின் விளிம்பருகே அது மிகுதியாகவும், நடுவிலுள்ள லிங்கனின் முகத்தில் மிகக் குறைவாகவும் தெரிகின்றது. மூல ஏட்டில் ஒரு சொல் பிறழ்ந்தால் அதைப் பார்த்து எழுதிய ஏடுகள் அனைத்திலும் அப்பிறழ்ச்சி இருக்குமன்றோ? அதுபோல அந்த அச்சிற் பிறந்த ஒவ்வொரு காசும் ஒரே இரட்டிப்பைத் தாங்கி நிற்கும்.

இனி மற்றொன்று. அச்சிற் குற்றம் இல்லை. ஆனால் அது இயந்திரத்தில் இறுகப் பொருத்தப்படாமல் ஆடுகிறது. அடி விழுந்த கணத்தில் அது சிறிது நழுவி, அப்பொழுதுதான் எழுந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. இதனை இயந்திர இரட்டிப்பு என்பர். இது ஏட்டை எழுதியவனின் கை நடுக்கம் போன்றது. அடுத்த காசில் வேறுவிதமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இத்தகையவை எண்ணிறந்தவை. சேகரிப்போர் இவற்றுக்கு மேல்விலை கொடுப்பதில்லை.

இரண்டையும் பிரித்தறியப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும். மெய்யான இரட்டை அச்சில் இரண்டு உருவங்களும் வட்டமாகத் திரண்டு புடைத்திருக்கும். எழுத்து இயல்பினும் பருத்திருக்கும். எழுத்தின் முனைகள் பிளந்து, இடையே சிறு வெட்டுத் தெரியும். இயந்திர இரட்டிப்பிலோ இரண்டாவது உருவம் உண்மையில் உருவமே அன்று. அது எழுத்தின் பக்கத்தைச் சீவியது போன்ற தாழ்ந்த படி. சாய்த்துப் பிடித்தால் அந்தப் படி பளபளக்கும். முன்பிருந்த எழுத்தை நசுக்கியே அது தோன்றுவதால், எஞ்சிய எழுத்து மெலிந்துபோகும். ஒன்று பருக்கிறது, மற்றது இளைக்கிறது. எனக்கு மிகவும் பயன்பட்ட அடையாளம் இந்தப் பருமனே.

தேய்ந்த அச்சினாலும் ஒரு மயக்கம் உண்டு. 1955ஆம் ஆண்டுச் சதங்கள் சிலவற்றில் கடைசி ஐந்து மட்டும் இரட்டையாகத் தோன்றும். அதை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று வேடிக்கையாக அழைத்து விற்பதுண்டு. பெயர் நன்று, பொருள் வெறும் தேய்மானம்.

சில காலத்தின் முன் என் பழைய மாணவர் ஒருவர் 1969ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோச் சதம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலுள்ள அவருடைய தமையனார், மெய்யான இரட்டை அச்சு என்ற வியாபாரியின் சொல்லை நம்பி, 200 டொலர் கொடுத்து வாங்கி அனுப்பியது. அதை விற்றுத் தங்கையின் படிப்புக்கு வழிசெய்யலாம் என்பது குடும்பத்தின் எண்ணம். அந்த எண்ணம் ஆதாரமற்றதன்று. அவ்வாண்டின் மெய்யான இரட்டை அச்சுச் சதம் மிக அரிது. ஒன்று 2008இல் 126,500 டொலருக்கு விலைபோயிற்று. முதலில் வெளிவந்தவற்றை அரச அதிகாரிகள் கள்ளக் காசென்று கைப்பற்றிய கதையும் உண்டு. அக்காலத்தில் இருவர் போலி இரட்டை அச்சுச் சதங்களை அடித்திருந்தனர்.

மாணவரின் காசிலும் ஆண்டெண் இரட்டைதான். ஆனால் நான் முதலிற் பார்த்தது ஆண்டெண்ணை அன்று, அதன் கீழுள்ள ‘எஸ்’ என்னும் சாலைக்குறியை. 1989 வரை சதங்களில் அக்குறி தாயச்சில் இல்லை. அச்சு முடிந்த பின் தொழிலாளி அதைத் தனியே கையால் அடித்துப் பதிப்பான். ஆதலால் தாயச்சு விலகியதால் வரும் இரட்டிப்பு அந்த எழுத்தைத் தீண்ட வழியே இல்லை. இவர் காசிலோ ஆண்டெண்ணின் படி எந்தத் திசையில் விழுந்ததோ, அதே திசையில் ‘எஸ்’ஸிலும் படி விழுந்திருந்தது. முழு அச்சும் ஒருசேர நழுவினாலன்றி இவ்வாறு நேராது.

நான் தீர்ப்புக் கூறவில்லை. கண்ணாடியை அவர் கையிற் கொடுத்து, எழுத்தின் பருமனையும் படியையும் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். “இதை இன்னொருவருக்கு விற்கலாந்தானே, ஐயா? அவருக்கும் தெரியாதே” என்றார். “இப்போது உமக்குத் தெரியுமே” என்றேன். காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தமையனாருக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். ‘எஸ்’ஸைப் பெருக்கிப் படமெடுத்து அனுப்பும்படியும், வியாபாரியிடம் அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்படியும் சொன்னேன். பணம் இன்னும் திரும்பவில்லை.