தன் குரலைத் தானே கேட்டல்

2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் பல தேசத்துக் கப்பல்கள் வந்து செல்லும் இந்நாளில், வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லாத கடற்கரைக் குழந்தைகள் அந்த அந்நிய பாஷையை யாரிடம் பேசிப் பழகுவது என்ற கேள்விக்கு, அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ அளித்துள்ள விடை கவனிக்கத்தக்கது. 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று ஆரம்பமாகி, 2017-இல் இப்பெயர் பெற்ற அந்நிறுவனம், அரசுப் பள்ளிகளுக்கென ‘இ-லாங்குவேஜ் லேப்’ என்னும் பயிற்சிக்கூடத்தைக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அமைத்தது. பள்ளியில் ஏற்கெனவே உள்ள மடிக்கணினிகளில், இணையத் தொடர்பின்றியும் இயங்கும் இதில், மாணவன் கதையைக் கேட்கிறான், வாசிக்கிறான். தன் உச்சரிப்பைப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, பிழை கண்டு, மீண்டும் பேசுகிறான்.

வகுப்பின் நடுவே நாணத்தால் வாய் திறவாத சிறுமிக்கு, எத்தனை முறை பிழைத்தாலும் சலிக்காத இச்சாதனம் தரும் தைரியத்தையே நான் இதன் பிரதான லாபமாகக் கருதுகிறேன். ஆயினும், எவருக்கு எந்தப் பாடம் என்று நிர்ணயிப்பதும், பதிவைக் கேட்டுத் திருத்துவதும் ஆசிரியரின் பொறுப்பே; அவருக்குப் பயிற்சியும் அவகாசமும் அளிப்பதில் அரசு சிக்கனம் காட்டலாகாது.