புகையிலை: முதிர்ச்சியும் பாடமும்

புகையிலை பயிரிடும் குடியானவர் ஆண்டு முழுதும் பட்ட பாட்டின் பலன் தீர்மானமாவது, அறுவடைக்கு முன்னும் பின்னுமுள்ள சில வாரங்களிலேயாம். நாற்று, நடவு, எரு, நீர்ப்பாய்ச்சல் யாவற்றையும் செவ்வனே செய்தவரும், இலை முதிருமுன் வெட்டிவிடுவாராயின், அல்லது வெட்டிய இலையை அவசரமாய் உலர்த்திவிடுவாராயின், பச்சை வாடை மாறாத சரக்கையே சந்தைக்குக் கொண்டுபோக நேரிடும். தானியப் பயிரில் சிறிது அவசரப்பட்டால் சில மரக்கால் குறையும். புகையிலையிலோ விளைவு முழுவதன் விலையே விழுந்துவிடும்.

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளிலும், கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கங்களிலும், வேதாரணியத்து மணற்பாங்கான நிலங்களிலும் இப்பயிர் நெடுங்காலமாய் அறியப்பட்டது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் நாட்டு வகைகளும், திண்டுக்கல் இலையைக் கொண்டு சுற்றப்பட்ட திருச்சிச் சுருட்டும் பேர்பெற்றவை. இந்திய மத்தியப் புகையிலைக் கமிட்டி 1945-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1947-இல் இராஜமகேந்திரவரத்தில் ஆராய்ச்சி நிலையமும், 1948-இல் வேடசந்தூரில் ஒரு நிலையமும் ஏற்பட்டன. ஆயினும் எந்த ஆராய்ச்சியும் குடியானவரின் பொறுமைக்கு ஈடாகாது.

அவசரத்தின் காரணம்

இலை முதிர்ந்ததா இல்லையா என்பதை அறியாத குடியானவர் மிகச் சிலரே. அறிந்தும் முன்னதாக வெட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, முன்பணம் கொடுத்த வியாபாரியின் நெருக்கடி. மற்றொன்று, மழை வந்துவிடுமென்ற அச்சம். இவையிரண்டும் பொய்யான காரணங்களல்ல. ஆனால் பச்சை எடையைக் கண்டு மயங்குவது பெரும் பிழை. பச்சை இலையில் 80 முதல் 90 சதவீதம் வரை நீரேயாம். இளம் இலை உலர்ந்தால் காகிதம்போல் மெலிந்து போகும். முதிர்ந்த இலையோ உலர்ந்த பின்னும் கனத்து நிற்கும். ஆதலின் பத்து நாள் முந்தி வெட்டியவர் நாளை மிச்சம் பிடித்து எடையையும் தரத்தையும் இழக்கிறார்.

முதிர்ச்சியின் அடையாளங்கள்

1. கரும்பச்சை மாறி, இலையின் நுனியிலும் ஓரத்திலும் வெளிறிய மஞ்சள் படரும். மேற்பரப்பிற் புள்ளி புள்ளியாய் மஞ்சள் தோன்றும்.

2. இலை தடித்து, மேடு பள்ளமாய்ச் சுருக்கமிட்டு, ஓரங்கள் கீழ்நோக்கி வளையும்.

3. தொட்டால் பிசின் கையில் ஒட்டும்.

4. இலையை மடித்து விரலால் அழுத்தினால் ‘படக்’கென முறியும். துவண்டு மடங்கும் இலை இன்னும் இளையதே.

அடியிலை முந்தியும் நுனியிலை பிந்தியும் முதிர்வது இயல்பு. செடியோடு வெட்டும் வழக்கமுள்ள இடங்களில், நடுவிலைகள் முதிர்ந்ததைக் கொண்டே நாள் குறிக்கவேண்டும். பழுத்த அடியிலைகளை முன்னரே தனியே எடுத்துக்கொள்வது நலம்.

முதிர்ச்சி அறுவடை நாளில் மட்டும் உண்டாவதன்று. பூங்கொத்து தலைகாட்டியதும் கொழுந்தைக் கிள்ளி, அதன்பின் இலைக்கக்கங்களில் வெடிக்கும் சிம்புகளை வாரந்தோறும் ஒடித்துவரவேண்டும். ஒடிக்காது விட்ட சிம்பு இலைக்குச் சேரவேண்டிய சத்தை உண்டுவிடும். தழைச்சத்து உரத்தைப் பருவம் கடந்து இடுவோரின் இலை கரும்பச்சையாகவே நின்று முதிராமற் போவதும் கண்கூடு.

மழையைக் குறித்து ஒரு வார்த்தை. மழை பெய்தவுடன் ஓடிச்சென்று வெட்டுவது தவறு. மழைநீர் இலைமேற் பிசினைக் கழுவிவிடும். நிலம் காய்ந்து சில நாள் வெயில் கண்ட பிறகே பிசின் மறுபடி ஊறும். அதுவரை பொறுத்தல் வேண்டும்.

உலர்த்துதல் வேறு, பாடம் செய்தல் வேறு

வெட்டிய இலை உடனே இறந்துவிடுவதில்லை என்பதே இத்தொழிலின் மூலரகசியம். செடியினின்று பிரிந்த பின்னும் அது சில நாள் உயிரோடிருந்து மூச்சுவிடுகிறது. அந்நாட்களில் பச்சையம் சிதைந்து மஞ்சள் வெளிப்படுகிறது; மாவுச்சத்து சர்க்கரையாய் மாறுகிறது; புரதப்பொருள்கள் உடைகின்றன. கடும் வெயிலில் ஒரே நாளில் காய்ந்த இலையில் இம்மாறுதல்கள் பாதியில் நின்று, பச்சை நிறம் அப்படியே படிந்துவிடும்; பின்னர் எத்தனை நாள் அடுக்கிவைத்தாலும் அது மாறாது. ஈரத்தோடு நெருக்கிக் கட்டிய இலையோ பாடமாகாமல் அழுகும். இவ்விரண்டிற்கும் நடுவே இலையைக் கொண்டுசெலுத்துவதே பாடம்.

பனி உலர்ந்தபின் செடியை அடியில் வெட்டி, வதங்கும்வரை வயலிற் பரப்பி வைக்கவேண்டும். வதங்கிய இலை முறியாமல் கைக்கு வளைந்துகொடுக்கும். அதன்பின் பந்தற்கொம்புகளில் தலைகீழாய், செடிக்குச் செடி காற்றுப் புகும் இடைவெளி விட்டுத் தொங்கவிடவேண்டும். முதற் சில நாள் நெருக்கிவைத்து நிறம் மாறவிட்டு, மஞ்சள் கண்டபின் இடைவெளியை அகற்றுவது அனுபவசாலிகளின் முறை. வெயிலுக்கும் இலையின் கனத்திற்கும் ஏற்ப ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். இலை உலர்ந்தது போதாது; நடுநரம்பும் வளைத்தால் ஒடியவேண்டும். நரம்பில் மறைந்துநின்ற ஈரமே பின்னர் பூசணத்திற்கு வித்தாகும். பந்தலினின்று இறக்குவதை விடியற்காலையில், பனியால் இலை மெதுவாயிருக்கையிற் செய்யின் பொடியாகாது.

அம்பாரம்

இறக்கிய இலையைக் காம்பு வெளியிலும் நுனி உள்ளிலுமாய் அடுக்கி, மேலே பாய் மூடிப் பாரம் ஏற்றுவர். அம்பாரத்துள் தானே சூடு பிறக்கும். அச்சூட்டினால் எஞ்சிய புரதப்பொருள் சிதைந்து, அம்மோனியாவின் கார வாடை வெளியேறி, நிறம் ஆழ்ந்து மணம் பிறக்கிறது. சூடு 120 பாரன்ஹீட் பாகையை அணுகும்போதே கலைக்கவேண்டும். வெப்பமானி இல்லாதவர் கையை உள்ளே செலுத்திப் பார்க்கலாம். கை பொறுக்காவிடில் தாமதம் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை கலைத்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்கிவர, சூடு படிப்படியாய்த் தணியும். திருப்பி அடுக்கியும் சூடு ஏறாத நிலையே பாடம் முடிந்ததற்கு அடையாளம்.

பிறவிடத்து முறைகள்

யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டு அப்புகையில் இலையைப் பாடம் செய்வர். குண்டூர்ப் பகுதியில் 1920-களில் பரவிய வர்ஜீனியா வகையைச் செங்கற் சூளைக்கொட்டகையில், 95 பாகையிலிருந்து 160 பாரன்ஹீட் பாகை வரை ஐந்தாறு நாள் படிப்படியாய்ச் சூடேற்றி முடிப்பர். அங்கும் முதற்கட்டம் குறைந்த சூட்டில் மஞ்சளாக்குவதே. கருவி மாறினும் விதி மாறவில்லை: நிறம் மாறுமுன் காயவைக்கலாகாது.

உடல் நலம்

பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையைக் கையாள்வோரின் தோல் வழியே நிகோடின் உட்புகுந்து தலைசுற்றல், குமட்டல், வாந்தி உண்டாக்கும். கூலியாட்களை ஈரம் உலருமுன் வெட்டவிடலாகாது. முழுக்கைச் சட்டையும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்தலும் அவசியம். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் இவ்வேலையில் விடுதல் கூடாது. மேலும், புகையிலையை மெல்வதும் புகைப்பதும் புற்றுநோய்க்குக் காரணமென்பது ஐயமற நிறுவப்பட்டது. நல்ல பாடம் அத்தீங்கை நீக்காது. ஈரமும் பூசணமும் கண்ட சரக்கிலோ நைட்ரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள் மேலும் பெருகக்கூடும்.

கிராம அதிகாரிகளுக்கு

மழைக்கு ஒதுங்க ஊருக்கொரு பொதுப் பாடக்கொட்டகையும், அம்பாரத்திலிருக்கும் சரக்கை விற்கும்வரை தாங்கத்தக்க நியாயமான தவணைக் கடனும் இருக்குமாயின், முன்கூறிய இரண்டு அச்சங்களும் பெரிதும் குறையும். பயிர்ப் பார்வைக்குச் செல்லும்போது குடியானவர்களை ஒன்றுகூட்டி, ஒரே வயலின் செடிகளிற் பாதியை முந்தியும் பாதியை முதிர்ந்த பின்னும் வெட்டித் தனித்தனியே பாடம் செய்துகாட்டச் செய்தல் நன்று. எடைக்கல்லும் வியாபாரியின் விலையும் சொல்லும் சாட்சியை எந்தப் பிரசங்கமும் சொல்லாது.