மாங்கனியை உண்ணலும் பேணலும்

முக்கனிகளுள் முதலில் வைத்து எண்ணப்படுவது மா. பசித்து வந்த சிவனடியார் ஒருவருக்கு, சோறு சமைந்தும் கறி சமையாத வேளையிலே, காரைக்காலம்மையார் மாங்கனி ஒன்றை இலையிலிட்டு அமுது செய்வித்தார் எனப் பெரியபுராணம் கூறும். மாங்கனியைச் சுவைப்பொருளாக மட்டுமன்றிச் சோற்றுக்குத் துணையாகும் உணவாகவும் நம் முன்னோர் கொண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

இன்றோ நோயாளரைக் காணச் செல்வோர் கடையில் விலைகொடுத்து வாங்குவது அப்பிள் பழம். அதே வேளையில் நம் வளவுகளிலே கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் விழுந்து அழுகிக் கிடக்கின்றன. இவ்விரு கனிகளையும் ஒப்புநோக்குவோம். 100 கிராம் அப்பிளில் உயிர்ச்சத்து சீ ஏறக்குறைய 5 மில்லிகிராம் உண்டு. அதே நிறையுள்ள மாம்பழத்தில் 36 மில்லிகிராம் அளவில் உண்டு. கண்ணொளிக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏயாக உடலில் மாறும் கரற்றீன் என்னும் மஞ்சட்பொருள் மாம்பழத்தில் அப்பிளினும் இருபது மடங்குக்கு மேல் உள்ளது. நார்ப்பொருளில் அப்பிளே சற்று மேம்பட்டது. ஆதலின் அப்பிளைப் பழித்தல் நம் கருத்தன்று. வீட்டிலுள்ள செல்வத்தை வீணாக்கலாகாது என்பதே கருத்து.

இனி, கனியைப் பேணும் முறை மரத்திலேயே தொடங்குகின்றது. முற்றிய காயின் காம்பைச் சூழ்ந்த தோட்பகுதி புடைத்திருக்கும்; நீரிலிட்டால் பெரும்பாலும் அமிழும். முற்றாத காய் வெம்பிச் சுருங்குமேயன்றி இனிதாகப் பழுக்காது. தடியால் அடித்து வீழ்த்தினால் அடிபட்ட இடம் அழுகும். வலைப்பை கட்டிய கொக்கத்தடியாற் காம்போடு பறித்தலே நன்று. காம்பை ஒடித்ததும் வடியும் பால் தோலைக் கருக்கும். ஆதலின் காம்புப் பக்கம் கீழாக இருக்கச் சிறிது நேரம் கவிழ்த்து வைத்துப் பின்னர் கழுவுதல் வேண்டும்.

வைக்கோலிற் பழுக்கப்போடும் வழக்கம் அறிவுக்குப் பொருந்தியதே. முற்றிய காய் எதிலீன் என்னும் வாயுவைத் தானே வெளிவிடுகின்றது. அவ்வாயுவே அதனைப் பழுக்கவைக்கின்றது. வைக்கோல் அவ்வாயுவையும் வெம்மையையும் ஓரளவு தடுத்து வைப்பதனாற் காய்கள் ஒருசேரப் பழுக்கின்றன. இடையிடையே பார்த்து அழுகியதை அகற்றுதல் வேண்டும்.

வணிகர் சிலர் பொறுமையிழந்து கல்சியம் காபைட்டை இடுகின்றனர். அஃது ஈரம் பட்டதும் அசற்றலீன் வாயுவைத் தரும். அவ்வாயு எதிலீனைப் போன்று தோலை மஞ்சளாக்கும். ஆனால், தொழிற்சாலைக் காபைட்டில் ஆசனிக்கு, பொசுபரசு ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும். இந்தியாவின் 2011 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இம்முறையைத் தடைசெய்தன. புறத்தே முழுதும் மஞ்சளாய் அகத்தே புளித்து மணமற்றிருக்கும் பழத்தை ஐயுறுதல் தகும். எந்தப் பழமாயினும் ஓடும் நீரிற் கழுவிய பின்னரே வெட்டுக.

குளிர்சாதனப் பெட்டி உடையோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். காயை அதனுள் வைத்தலாகாது. வெப்பநிலை 13 பாகை சதத்துக்குக் கீழே நெடிது நிற்குமாயின் மாங்காய் குளிரால் ஊறுபடும். தோல் மங்கி, செவ்வையாகப் பழுக்குந் தன்மையை இழக்கும். வெளியே பழுக்கவைத்து, பழுத்தபின் உள்ளே வைத்தாற் சில நாட்கள் கெடாதிருக்கும். வெட்டிய துண்டுகளை மூடிக் குளிரில் வைத்து அன்றோ மறுநாளோ உண்டுவிடுதல் நன்று. மிகுதியான பழங்களின் சதையைப் பிசைந்து உறைநிலையில் வைத்தாற் பருவங் கடந்தும் பயன்படும்.

உண்ணும் முறைக்கு வருவோம். சாறாக வடித்துச் சீனியிட்டுப் பருகுவதிலும் துண்டுகளாக மென்று தின்பதே மேல், நார்ப்பொருள் வீணாகாது. கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தே உடலில் நன்கு ஊறும். ஆதலின் தேங்காய்ப்பாலிட்ட கறியுள்ள உணவோடு மாம்பழம் உண்ணும் நம் வழக்கம் பொருத்தமானதே. நீரிழிவு உடையோர் முற்றாக அஞ்சவேண்டியதில்லை; அளவறிதல் வேண்டும். 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 14 கிராம் வெல்லப்பொருள் உண்டு. தம் மருத்துவரைக் கேட்டு அளவை வகுத்து, சோற்றின் அளவையும் அதற்கேற்பக் குறைத்து உண்க. மா, மரமுந்திரிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோலிலும் பாலிலும் உள்ள சில பொருள்களாற் சிலருக்கு வாயைச் சுற்றிக் கடியும் கொப்புளமும் உண்டாகும். அன்னார் தோலைச் சீவி நீக்கிய பின்னரே உண்ணல் வேண்டும்.

சமைக்குங்கால், உயிர்ச்சத்து சீ வெப்பத்தால் அழியும், நீரிற் கரையும் என்பதை மறவற்க. பருப்போடு மாங்காய் சமைப்போர் பருப்பு வெந்தபின் இறுதியில் மாங்காயை இட்டுச் சிறிது கொதித்ததும் இறக்குக. வெந்த நீரைக் கொட்டற்க. புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை விலக்கி மண்சட்டியிற் சமைத்தல் நன்று. பச்சை மாங்காய்ச் சம்பலில் உயிர்ச்சத்து மிகுதியாக நிலைக்கும். வற்றலும் ஊறுகாயும் பல மாதம் நிற்குமாயினும் உப்பு மிகுந்தவை. குருதியமுக்கம் உடையோர் அவற்றைக் குறைத்தல் வேண்டும்.

மாணவர்காள்! பாடசாலை வாயிலில் விற்கும் நிறமூட்டிய பானத்துக்குக் கொடுக்குங் காசை மிச்சப்படுத்தி, வளவில் விழும் கனியைப் பொறுக்கிக் கழுவி உண்ணுங்கள். வளவுடைய பழைய மாணவர்கள் ஆளுக்கொரு ஒட்டுமாங்கன்று நடுவார்களாக. மூன்று நான்கு ஆண்டுகளில் அது காய்க்கத் தொடங்கும். வீட்டுத்தேவை போக எஞ்சியதை அயலிலுள்ள சிறுவருக்குக் கொடுத்தால் வீணாகும் பழம் குறையும். பிள்ளைகளின் உடல்நலமும் பெருகும்.